கிந்தாப் பள்ளத்தாக்கு சொல்லும் வரலாறு

மலையைக் கண்டு வியப்பது மனித இயல்பு. மலையைப் பாடாத புலவர் அரியர். குன்றுதோறும் கோயில் கண்டு வழிபட்டது தமிழர் மரபு. ஆயினும் மனித குலத்தின் வாழ்வு பெரும்பாலும் மலையுச்சியில் மலர்ந்ததன்று. மலைக்குக் கீழே, நீர் வந்து தங்கும் தாழ்நிலங்களில்தான் உழவும் ஊரும் சந்தையும் அரசும் தோன்றி வளர்ந்தன. மேட்டில் பெய்த மழை பள்ளத்தில் வந்து நிற்கும். மேட்டில் கரைந்த மண்ணும் பள்ளத்தில்தான் படியும். எனவே, ஒரு நாட்டின் வரலாற்றை முழுமையாக அறிய விரும்புவோர் அந்நாட்டின் பள்ளங்களையும் படித்தறிதல் வேண்டும்.

உலகில் பள்ளங்கள் பலவகையாக உண்டாகியுள்ளன. நிலத்தின் மேலோடு பிளந்து, இரு பிளவுகளுக்கு இடைப்பட்ட பகுதி கீழே இறங்கியதால் உண்டானவை சில. மேற்காசியாவிலுள்ள சாக்கடல் அவ்வகையைச் சேர்ந்தது. அதன் கரை கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 430 மீட்டர் கீழே உள்ளது. நிலப்பரப்பில் அதனினும் தாழ்ந்த இடம் உலகில் வேறில்லை. எத்தியோப்பியாவின் டனாகில் பள்ளமும் நிலப்பிளவால் உண்டானதே. கடல் மட்டத்திற்கு நூறு மீட்டருக்கும் கீழே, அனலாய்க் கொதிக்கும் அந்நிலத்தில் அஃபார் மக்கள் உப்புப் பாளங்களை வெட்டி ஒட்டகங்களில் ஏற்றிச் சென்றனர். எகிப்தின் கட்டாராப் பள்ளம், காற்றும் உப்பும் நிலத்தை அரித்து அரித்துத் தோண்டிய பள்ளம் என்பர். சீனாவின் துர்பான் பள்ளம் கடல் மட்டத்திற்கு 154 மீட்டர் கீழே கிடக்கிறது. மழையே அரிதான அப்பாலை நிலத்தில், தொலைவிலுள்ள மலைகளின் பனிநீரை நிலத்தடிக் கால்வாய்கள் வழியே கொண்டுவந்து, திராட்சைத் தோட்டங்களை வளர்த்தனர் அங்குள்ள மக்கள். தமிழகத்திற்கு அண்மையில், கேரளத்தின் குட்டநாட்டு உழவர் கடல் மட்டத்திற்கும் தாழ்ந்த வயல்களில் வரப்புயர்த்தி, நீரை இறைத்து நெல் விளைவித்து வருகின்றனர்.

பேராக் மாநிலத்தின் கிந்தாப் பள்ளத்தாக்கு இவற்றைப் போலக் கடல் மட்டத்திற்குக் கீழே தாழ்ந்த நிலமன்று. எனினும், மலைகள் சூழ்ந்த ஒரு தாழ்நிலம் ஒரு நாட்டின் விதியையும், கடல்கடந்து வந்த பல்லாயிரம் மக்களின் விதியையும் எவ்வாறு எழுதியது என்பதை அறிய, இதனினும் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது.

கடல் கிடந்த இடம்

ஈப்போ நகரில் நின்று கிழக்கே நோக்கினால் தித்திவாங்சா மலைத்தொடர் நீலமாய் நீண்டு கிடப்பதைக் காணலாம். மேற்கே நோக்கினால் கிளேடாங் மலைத்தொடர் தென்படும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலமே கிந்தாப் பள்ளத்தாக்கு. வடக்கே அகலம் குறைந்தும், தெற்கே செல்லச்செல்ல விரிந்தும் அமைந்தது. 2,183 மீட்டர் உயரமுள்ள கோர்பு மலைப்பகுதியில் பிறக்கும் கிந்தா ஆறு இப்பள்ளத்தாக்கின் வழியே பாய்ந்து, முடிவில் பேராக் ஆற்றோடு கலக்கிறது.

இந்நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 25 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை நீண்ட கடற்காலத்தில், சிப்பிகளும் பவளங்களும் பிற கடலுயிர்களும் மடிந்து, அவற்றின் ஓடுகள் அடுக்கடுக்காய்ப் படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. பின்னர், ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் அடியிலிருந்து உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து குளிர்ந்து கருங்கல்லாய் இறுகியது. அப்போது எழுந்த வெப்ப நீர்மங்கள் பாறை வெடிப்புகளில் ஈயக் கனிமத்தைப் படியவிட்டன. மலேசியத் தமிழர் ஈயம் என்று வழங்குவது வெள்ளீயத்தையே என்பது ஈண்டு நினைவில் இருத்தற்குரியது.

அதன்பின் வேலையை மேற்கொண்டது மழை. மழைநீரில் மெல்லிய புளிப்புத் தன்மை உண்டு. அந்நீர் கருங்கல்லை எளிதில் கரைப்பதில்லை. சுண்ணாம்புக் கல்லையோ விரைவில் கரைத்துவிடுகிறது. இரு கருங்கல் மலைத்தொடர்களும் நிலைத்து நிற்க, இடையில் கிடந்த சுண்ணாம்பு நிலம் கரைந்து கரைந்து தாழ்ந்தது. கரையாமல் எஞ்சிய பகுதிகளே பள்ளத்தாக்கின் நடுவே தூண்களைப் போல் செங்குத்தாய் நிற்கும் குன்றுகள். அவற்றின் உள்ளே நீர் குடைந்த குகைகள் எண்ணற்றவை. கோப்பெங் அருகிலுள்ள தெம்புரோங் குகை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. ஓர் ஆறே அதனுள் ஓடுகிறது.

மனிதன் இப்பள்ளத்தாக்கிற்கு வந்தது அண்மைக்காலத்தில் அன்று. 1959ஆம் ஆண்டு தம்புன் அருகே கூர்க்காப் படையைச் சேர்ந்த அதிகாரி ஒருவர், குன்றின் பாறை முகப்பில் சிவந்த நிறத்தில் தீட்டப்பட்ட ஓவியங்களைக் கண்டார். பின்னர் நிகழ்ந்த ஆய்வில் அவை அறுநூறுக்கும் மேற்பட்டவை எனத் தெரியவந்தது. மானும் பிற விலங்குகளும் மனித உருவங்களும் அங்கு இடம்பெற்றுள்ளன. எழுத்தறியா அம்மக்கள் பாறையில் விட்டுச்சென்ற அடையாளமே கிந்தாப் பள்ளத்தாக்கு வரலாற்றின் முதல் ஏடு எனலாம்.

ஈயம் வந்து தங்கிய பள்ளம்

மலைச்சாரலில் பாறை சிதைந்து மண்ணாகும்போது, அதனோடு ஈயக் கனிமமும் விடுபட்டு மழைநீரால் அடித்துவரப்பட்டது. ஈயக் கனிமம் மணலைக் காட்டிலும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. நீரோட்டம் சற்றுத் தளர்ந்தாலும் மணல் மேலே மிதந்தோட, ஈயம் அடியில் தங்கிவிடும். கிந்தாவின் அடித்தளமோ சமதளமன்று; கரைந்துபோன சுண்ணாம்புப் பாறையாதலின், குழிகளும் மேடுகளும் கூர்முனைகளுமாய் அமைந்தது. பலகைத் தடுப்புகள் வைத்து மணலிலிருந்து ஈயத்தைப் பிரிக்கும் வேலையைச் சுரங்கக்காரர் பிற்காலத்தில் செய்தனர். அவ்வேலையை இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்பாறைக் குழிகளில் செய்து முடித்திருந்தது. உலகின் மிகச் செழித்த ஈய வயலாகக் கிந்தா திகழ்ந்ததன் இரகசியம் இதுவே.

மலாய் மக்கள் நெடுங்காலமாகவே இங்கு ஈயம் எடுத்து வந்தனர். ஓடையில் மண்ணைக் கரைத்தும், மரத்தட்டில் அலசியும், சிறு குழிகளைத் தோண்டியும் அவர்கள் தொழில் நடத்தினர். 1884இல் ஜாக் டி மோர்கன் என்னும் பிரெஞ்சுப் பொறியியலாளர் இப்பகுதியைச் சுற்றி ஆய்ந்தபோது, மலாய்க்காரர்களின் சுரங்கங்கள் கிந்தாவெங்கும் பரவியிருக்கக் கண்டார்.

1874 ஜனவரி 20ஆம் நாள் கையெழுத்தான பங்கோர் உடன்படிக்கையினால் பேராக் மாநிலத்தில் ஆங்கிலேயரின் ஆதிக்கம் வேரூன்றியது. அக்காலத்தில் ஈயத்தின் தலைமையிடம் லாருட் எனப்பட்ட தைப்பிங் பகுதியே. அங்கு ஈயம் குறையத் தொடங்கியதும், 1880களில் சீனத் தொழிலாளர் வெள்ளமெனக் கிந்தாவை நோக்கிப் பாய்ந்தனர். பத்து காஜா, பாப்பான், கோப்பெங், கம்பார், துரோனோ முதலிய ஊர்கள் அடுத்தடுத்து எழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலக ஈயத்தில் பாதிக்கு மேல் மலாயாவிலிருந்தே சென்றது. மேலை நாடுகளில் உணவை டின்களில் அடைக்கும் தொழில் பெருகியதே இத்தேவைக்குப் பெருங்காரணம்.

தோண்டும் முறையும் காலத்திற்கேற்ப மாறிற்று. மண்வெட்டியும் கூடையும் கொண்டு தோண்டியது முதல் நிலை. மலையிலிருந்து குழாய்வழி நீரைக் கொணர்ந்து பீய்ச்சி மண்ணைக் கரைத்தது அடுத்த நிலை. கரைந்த சேற்றை எந்திரத்தால் மேலேற்றி, பாலோங் எனப்படும் நீண்ட மரச்சாய்வில் ஓடவிட்டு ஈயத்தைப் பிரித்தது மற்றொரு நிலை. 1913ஆம் ஆண்டு பத்து காஜா பகுதியில் நாட்டின் முதல் ஈயக் கப்பல் இயங்கத் தொடங்கியது. அது கடலில் செல்லும் கப்பலன்று; தானே தோண்டிய குளத்தில் தானே மிதந்து, முன்னேயுள்ள நிலத்தை விழுங்கியும், பின்னே மணலைக் கக்கியும் நகரும் இரும்பு எந்திரம். 1938இல் கட்டப்பெற்ற தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் கப்பல் 4,500 டன் எடையுடையது. 1982 வரை, 44 ஆண்டுகள் அது நிலத்தைக் குடைந்தது. அதுபோன்ற கப்பல்கள் சென்ற வழியெல்லாம் வயலும் காடும் இருந்த இடத்தில் குளமும் வெண்மணலுமே எஞ்சின. பெரிய எந்திரங்கள் விட்டுச்சென்ற மணலில், டூலாங் என்னும் மரத்தட்டை ஏந்தி இடுப்பளவு நீரில் நின்று, மிச்ச ஈயத்தை அலசி வயிறு வளர்த்தவர் பெரும்பாலும் சீனப் பெண்களாவர்.

சாரலில் வாழ்ந்த தமிழர்

பள்ளத்தாக்கின் அடித்தளம் ஈயத்திற்குச் சென்றதென்றால், அதன் விளிம்புகளும் சாரல்களும் இரப்பருக்குச் சென்றன. 1877இல் கோல கங்சாரில் நடப்பெற்ற இரப்பர்க் கன்றுகளே இந்நாட்டு இரப்பர்த் தொழிலுக்கு முன்னோடிகளுள் அடங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி பெருகியதும் இரப்பர் விலை உயர்ந்தது, காடுகள் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்குக் கங்காணிகளால் அழைத்து வரப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் தமிழர். 1938இல் இந்திய அரசு தொழிலாளரை உதவி தந்து அனுப்புவதற்குத் தடை விதிக்கும்வரை அவ்வருகை தொடர்ந்தது.

பள்ளத்தாக்கைத் துறைமுகத்தோடு இணைத்த இருப்புப்பாதையிலும் தமிழரின் வியர்வை கலந்துள்ளது. இன்று தெலுக் இந்தான் எனப்படும் தெலுக் ஆன்சன் துறையிலிருந்து கிந்தாவை நோக்கிய பாதை 1890களில் அமைக்கப்பெற்றது. பாதை அமைத்த கூலிகளில் தமிழகத் தமிழரும், நிலையங்களில் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் பணிபுரிந்தவர்களில் யாழ்ப்பாணத் தமிழரும் இருந்தனர். ஈயம் சென்றதும் இரப்பர் சென்றதும் அவ்வழியே. ஆனால், கிந்தாவின் வரலாற்றைச் சொல்லும் நூல்கள் சுரங்க முதலாளிகளின் பெயர்களை நிரலாகத் தருகின்றன. தண்டவாளக் கட்டைகளைத் தோளில் சுமந்தவர்களின் பெயர்களைத் தருவதில்லை.

அத்தகையோரின் நினைவுச் சின்னம் ஒன்று பத்து காஜா அருகே உள்ளது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் தோட்ட உரிமையாளர், கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் ஒரு மாளிகை எழுப்பத் தொடங்கினார். அதற்கெனத் தமிழகத்திலிருந்து கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டனர். வேலை நடந்துகொண்டிருக்கையில் தொழிலாளரிடையே கொள்ளைநோய் பரவிப் பலர் மாண்டனர். மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பித் தருமாறு தொழிலாளர் வேண்ட, அவர் இசைந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அக்கோயிலின் மேல் தெய்வ உருவங்களுக்கு இடையே தொப்பியணிந்த வெள்ளையர் உருவம் ஒன்றும் இடம்பெற்றுள்ளது. அது அவருடையதே என்பர். 1926இல் அவர் லிஸ்பன் நகரில் மறைந்தார். மாளிகை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. சுற்றுலாப் பயணியர் பலர் மாளிகையைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். தொழிலாளர் கேட்டுப் பெற்ற கோயிலில் விளக்கெரிந்து வருகிறது.

பள்ளத்தின் சீற்றம்

பள்ளத்தில் செல்வம் மட்டும் வந்து சேர்வதில்லை. மேட்டில் செய்யப்படும் பிழைகளும் அங்குதான் வந்து சேர்கின்றன. சுரங்கங்கள் கரைத்துவிட்ட மண் ஆறுகளின் அடியை மேடாக்கிற்று. தோட்டங்களுக்காகக் காடழிந்த சாரல்களில் மழைநீர் தங்காது விரைந்தோடி வந்தது. மேடான ஆற்றில் விரைந்து வந்த நீர் வேறெங்கே செல்லும்? 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளம் பேராக் மக்களின் நினைவில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. வெள்ளம் வந்தபோதெல்லாம் முதலில் மூழ்கியவை ஆற்றோரத்து எளியோர் குடிசைகளே.

போரும் இப்பள்ளத்தாக்கை விடவில்லை. 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை கம்பாரில் ஜப்பானியப் படையை, இந்திய வீரர் பலர் அடங்கிய பிரிட்டிஷ் படை எதிர்த்து நின்றது. சாரலின் மேட்டில் காவலிருந்த படைக்கு, மரங்களற்ற சுரங்க வெளி பீரங்கிக் குறிக்கு ஏதுவான திறந்தவெளியாக அமைந்தது. எனினும், கடல்வழியே வந்த ஜப்பானியர் பின்புறத்தை அச்சுறுத்தியதால் அப்படை பின்வாங்க நேர்ந்தது.

நிலத்தின் சீற்றத்தை ஈப்போ மக்கள் மிகக் கொடிதாய் உணர்ந்த நாள் 1973 அக்டோபர் 18. நகரை ஒட்டிய குனோங் சீரோ குன்றின் செங்குத்தான பக்கத்திலிருந்து சுண்ணாம்புப் பாறை ஒன்று பெயர்ந்து வீழ்ந்தது. அடியில் வரிசையாய் அமைந்திருந்த குடியிருப்பு நொறுங்கியது. ஏறத்தாழ நாற்பது உயிர்கள் பலியாயின. அதே குன்றின் அடிவாரத்தில்தான் கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயம் உள்ளது. ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று புந்தோங் பகுதியிலிருந்து காவடிகள் சென்றடையும் திருத்தலம் அது. வணங்குதற்குரிய மலையே அஞ்சுதற்குரிய மலையாகவும் இருத்தலை அந்நாள் உணர்த்தியது. குன்று திடீரெனப் பகை கொண்டுவிடவில்லை. கரைவதும் வெடிப்பதும் பெயர்வதும் சுண்ணாம்புக் கல்லின் இயல்பு. அவ்வியல்பினாலேயே பள்ளத்தாக்கு உண்டாயிற்று. வேறிடம் வாய்க்காத ஏழைகள் அதன் காலடியில் குடியேறியதே துயரத்தின் வேர்.

அடிவாரத்தில் மட்டுமன்றிச் சமவெளியிலும் இவ்வியல்பு தொடர்கிறது. நிலத்தடி நீரின் மட்டம் மாறும்போது, மேல்மண் பாறைக் குழிகளுக்குள் இறங்கி, வீட்டு முற்றத்திலும் சாலையிலும் திடீர்க் குழிகள் தோன்றுவது ஈப்போ வட்டாரத்தில் அறியப்பட்ட ஒன்று. சாக்கடலின் கரையிலும் இத்தகைய காட்சியைக் காணலாம். யோர்தான் ஆற்றின் நீரை மனிதர் திருப்பிக்கொண்டதால் அக்கடல் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வீதம் வற்றிவருகிறது. நிலத்தடி உப்பு கரைந்து, ஆயிரக்கணக்கான குழிகள் அதன் கரையில் வாய்பிளந்துள்ளன. அங்கே கரைவது உப்பு. இங்கே கரைவது சுண்ணாம்பு. நீரின் கணக்கில் கைவைத்தால் நிலம் விடைசொல்லும் என்பது இரண்டிற்கும் பொது.

1985க்குப் பின்

1985 அக்டோபர் 24ஆம் நாள் கிந்தாவின் விதி இலண்டனில் மாறியது. ஈய விலை சரியாதிருக்கக் கையிருப்பு வாங்கிக் காத்துவந்த பன்னாட்டு ஈயக் கழகம், பணமின்றி அவ்வேலையை நிறுத்திக்கொண்டது. இலண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நிறுத்தப்பட்டது. விலை ஏறத்தாழப் பாதியாய்ச் சரிந்தது. நூறாண்டுக் காலம் இரவும் பகலும் ஓயாதிருந்த சுரங்கங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. கம்பாரிலும் துரோனோவிலும் மலிம் நாவாரிலும் கடைத்தெருக்கள் களையிழந்தன. இளைஞர் வேலை தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் சென்றனர்.

சாரலிலும் அதே காலத்தில் மாற்றம் நிகழ்ந்தது. 1950களிலும் 1960களிலும் வெள்ளையர் விற்றுச்சென்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதே பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. அந்நிலை கண்டு, பேராக்கின் சுங்கை சிப்புட் தந்த தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாய்ச் சேர்த்த பணத்தில் தோட்டங்களை வாங்க வழிவகுத்தார். அது காத்தது ஒரு பகுதியையே. பின்னர் பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தபோது, லயங்களில் நான்கு தலைமுறை வாழ்ந்தோர் மேட்டை விட்டுப் பள்ளத்திற்கு இறங்கினர். ஈப்போவின் புறநகர்களிலும், ஈயம் எடுத்துக் கைவிடப்பட்ட மணல்வெளிகளில் எழுந்த குடியிருப்புகளிலும் அவர்களுள் பலர் குடியேறினர். ஈயம் இருந்த காலத்தில் அந்நிலம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஈயம் போனபின் கிடைத்தது.

அந்நிலம் எத்தகையது என்பதை அறியாமல் வாழ்வது ஆபத்து. ஈயக் குட்டைகள் பார்வைக்கு அமைதியானவை. ஆயினும், கரையிலிருந்து இரண்டடி வைத்தாலே ஆழம் திடீரென இறங்கும். அடியில் காலைப் பற்றும் சேறு இருக்கும். பள்ளி விடுமுறையில் குளிக்கச் சென்ற சிறுவர் திரும்பி வாராத துயரச் செய்திகளை நாளேடுகள் பலமுறை தாங்கி வந்துள்ளன. அச்சிறுவருக்குக் குட்டையின் வரலாறு சொல்லப்பட்டிருந்தால் அவருள் சிலரேனும் பிழைத்திருக்கக்கூடும்.

ஈயத்தைப் பிரித்தபின் எஞ்சும் கனமான மணலை அமாங் என்பர். அதில் அருமண் தாதுக்களும், அவற்றோடு கதிரியக்கமுள்ள தோரியமும் உண்டு. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய ஆலை ஒன்று, அமாங்கிலிருந்து அருமண்ணைப் பிரித்தது. கழிவினால் நேரும் கேட்டை அஞ்சிய சுற்றுவட்டார மக்கள் இனவேறுபாடின்றித் திரண்டு நீதிமன்றம் சென்றனர். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்துமாறு தீர்ப்பளித்தது. 1993 இறுதியில் அத்தீர்ப்பு மேல்முறையீட்டில் மாற்றப்பட்டபோதிலும், 1994இல் ஆலை மூடப்பட்டது. அதன் கழிவு பின்னர் கிளேடாங் மலைப்பகுதியில் அமைக்கப்பட்ட நிலத்தடிக் காப்பறையில் புதைக்கப்பட்டது. மலையிலிருந்து பள்ளத்திற்கு வந்த பொருள், மனிதர் கைபட்டு நஞ்சாகி, மீண்டும் மலைக்கே சுமந்து செல்லப்பட்டது.

எஞ்சிய செல்வம்

இவ்வளவிற்குப் பிறகும் கிந்தாப் பள்ளத்தாக்கு வறண்ட நிலமாகிவிடவில்லை. ஈயக் குட்டைகள் பலவற்றில் மீன் வளர்க்கின்றனர். பத்து காஜா அருகே கைவிடப்பட்ட குட்டைகளில் கொக்கும் நாரையும் கூடுகட்டி வாழ்கின்றன. தம்புன் பகுதியின் பம்பளிமாசு நாடறிந்தது. ஈயக் காட்டில் உயர்கல்விக் கூடங்கள் எழுந்துள்ளன. துரோனோவிலும் கம்பாரிலும் பல்கலைக்கழகங்கள் இயங்குகின்றன. சுரங்கக் குழியை அழகிய பூங்காவாக்கலாம் என்பதைத் தைப்பிங் ஏரிப்பூங்கா 1880களிலிருந்தே காட்டி வருகிறது. தஞ்சோங் துவாலாங் கப்பல் காட்சிப்பொருளாய் நிற்கிறது. 2018இல் கிந்தாப் பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பெற்றது.

எனினும் சுண்ணாம்புக் குன்றுகள் சிமெண்டிற்கும் சலவைக் கல்லிற்கும் உடைக்கப்பட்டு வருகின்றன. ஈயமாவது மண்ணுக்குள் மறைந்திருந்தது. குன்றுகளோ கண்முன் நின்று கண்முன்னே குறைகின்றன. செம்மோர் அருகிலுள்ள கந்தான் குன்றின் குகையில் வாழும் ஒரு சிலந்தி இனம் உலகில் வேறெங்கும் காணப்பட்டதில்லை. நாற்பது கோடி ஆண்டுகளில் உருவானதைச் சில பத்தாண்டுகளில் உடைத்துத் தீர்த்துவிடலாம். உடைத்தபின் மீட்க இயலாது.

துர்பான் மக்களும் குட்டநாட்டு உழவரும் தத்தம் தாழ்நிலத்தின் இயல்பை அறிந்து, அதற்கேற்ப வாழக் கற்றவர்கள். நிலத்தடிக் கால்வாயைத் தூர்வாராவிடில் துர்பானில் திராட்சை இல்லை. வரப்பைக் காவாவிடில் குட்டநாட்டில் நெல் இல்லை. அவ்வறிவை அவர்கள் தம் மக்களுக்குத் தலைமுறைதோறும் கையளித்து வந்தனர். கிந்தாவில் பொருளெடுக்க வந்தோர் பலர், எடுத்ததும் அகன்றனர். அகலாமல் தங்கியவர்களின் பிள்ளைகளுக்கே இந்நிலத்தின் நன்மையும் தீமையும் உரியவையாயின.

எனவே, அப்பிள்ளைகள் இந்நிலத்தின் கதையை அறிந்தவராய் வளர்தல் வேண்டும். தம் வீட்டின் அடியில் ஒரு காலத்துக் கடல் உள்ளது என்பதையும், பள்ளிக்குப் பின்புறமுள்ள குட்டை இயற்கை ஏரி அன்று என்பதையும், கல்லுமலைக் குன்று ஏன் பெயர்ந்தது என்பதையும், மாளிகை கட்டியவர் யார், கட்டச் சொன்னவர் யார் என்பதையும் அவர்கள் கேட்டறிய வேண்டும். ஈப்போவின் தமிழ்ப் பள்ளி மாணவர் ஒருவர் எவரெஸ்டின் உயரத்தைப் பிழையின்றிச் சொல்லக்கூடும். தாம் நிற்கும் பள்ளத்தாக்கு எவ்வாறு உண்டாயிற்று என்று வினவினாலும் அவ்வாறே விடையளிக்கும் நாள் வருமாயின், தட்டில் ஈயம் அலசிய பெண்களின் உழைப்பும் தண்டவாளம் சுமந்த தோள்களின் உழைப்பும் அன்றுதான் தமக்குரிய இடத்தை வரலாற்றில் பெறும்.